பள்ளிகளில் செயலாய்வு

செயலாய்வு என்பது ஒரு பணியில் ஈடுபட்டிருப்பவரே தம் பணியில் எதிர்ப்படும் சிக்கலை முறையாக ஆராய்ந்து, அதனைத் தீர்க்க ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவைச் சான்றுகளுடன் மதிப்பிட்டு, தேவையானால் மீண்டும் மாற்றியமைக்கும் ஆய்வு முறையாகும். பள்ளிக் கல்வியில் இது பெரும்பாலும் வகுப்பாசிரியர் ஒருவராலோ, ஒரே பள்ளியைச் சேர்ந்த சில ஆசிரியர்களாலோ மேற்கொள்ளப்படுகிறது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஆசிரியரையும் மாணவரையும் ஆய்வுப் பொருளாகக் கொள்வார். செயலாய்விலோ ஆய்வாளரும் ஆசிரியரும் ஒருவரே. எனவே அவருடைய கற்பிக்கும் முறையும் ஆய்வுக்கு உட்பட்டதாகிறது. இம்முறையின் வலிமையும் இடர்ப்பாடும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

இந்தியாவில் தொடக்கக் கல்விக்கான செயலாய்வுகளை மேற்கொள்வதும் ஊக்குவிப்பதும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் பணிகளுள் ஒன்று. கடலூர் மாவட்டத்திற்கான இந்நிறுவனம் நெய்வேலியை அடுத்துள்ள வடலூரில் அமைந்துள்ளது. வெவ்வேறு வகையான பள்ளிகள் அருகருகே இயங்கும் நெய்வேலிப் பகுதி, செயலாய்வின் இயல்பையும் எல்லையையும் விளங்கிக்கொள்ள ஏற்ற இடமாகும்.

பெயர்

தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களில் செயலாய்வு, செயல் ஆராய்ச்சி, செயலாராய்ச்சி ஆகிய சொற்கள் ஒரே பொருளில் வழங்குகின்றன. இலங்கையில் செயல்நிலை ஆய்வு என்னும் சொல் வழக்கிலுள்ளது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் இதனின்றும் வேறானது. செயல்வழிக் கற்றல் மாணவர் கற்கும் முறை; செயலாய்வு ஆசிரியர் தம் பணியை ஆராயும் முறை. பெயர் ஒப்புமையால் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

வரலாறு

செயலாய்வு என்னும் கருத்தை வடிவமைத்தவராகப் பெரிதும் குறிப்பிடப்படுபவர் உளவியலாளர் குர்ட் லெவின் (1890–1947). செருமனியில் பணியாற்றிய யூதரான இவர், இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இதயம், சிறுநீரகம் போன்ற வழக்கமாக ஒதுக்கப்படும் உறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்கச் செய்வது எவ்வாறு என இவரது குழு ஆராய்ந்தது. விரிவுரை மட்டும் கேட்ட குழுக்களில் 3 விழுக்காட்டினரே அவற்றைப் பின்னர் சமைத்தனர். தமக்குள் கலந்து பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தனர். மாற்றத்தைச் செய்ய வேண்டியவர்கள் அதனைப் பற்றிய சிந்தனையிலும் பங்கு பெற வேண்டும் என்னும் எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது. வர்ஜீனியாவிலிருந்த ஆர்வுட் ஆடைத் தொழிற்சாலையிலும் இவரும் இவருடைய மாணவர்களும் தொழிலாளர் பங்கேற்பைப் பற்றிய சோதனைகளை நடத்தினர். ஆக, செயலாய்வு பள்ளிக்கூடத்தில் பிறந்ததன்று. சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் அதன் பிறப்பில் பங்குண்டு.

1946-இல் சிறுபான்மையினரின் சிக்கல்கள் குறித்து லெவின் எழுதிய கட்டுரையில் திட்டமிடல், செயல், செயலின் விளைவைப் பற்றிய உண்மைகளைத் திரட்டல் ஆகியன சுருள்படிகளைப் போல் மீண்டும் மீண்டும் நிகழ்வதாக விளக்கினார். ஏறத்தாழ இதே காலத்தில், அமெரிக்கத் தொல்குடி மக்கள் விவகாரங்களுக்கான அரசு ஆணையராக இருந்த சான் கோலியரும் செயலாய்வு என்னும் தொடரைப் பயன்படுத்தியுள்ளார்.

பள்ளிகளுக்கு இதனைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி. பள்ளி நடைமுறைகளை மேம்படுத்தச் செயலாய்வைப் பயன்படுத்துவது பற்றிய இவரது நூல் 1953-இல் வெளிவந்தது. பிறர் கண்டறிந்ததைப் படிப்பதைக் காட்டிலும், தாமே கண்டறிந்ததன் அடிப்படையிலேயே ஆசிரியர்கள் தம் முறைகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பு மிகுதி என்பது இவரது கருத்து. விரைவிலேயே எதிர்ப்பும் எழுந்தது. ஆய்வுப் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் செய்வது ஆய்வாகுமா என 1957-இல் ஆட்கின்சன் என்பவர் ஒரு திறனாய்வுக் கட்டுரையில் வினவினார். இவ்வினா இன்றும் அவ்வப்போது கேட்கப்படுகிறது.

அமெரிக்காவில் தளர்ந்த இவ்வியக்கம் இங்கிலாந்தில் புத்துயிர் பெற்றது. லாரன்ஸ் ஸ்டென்அவுஸ் தலைமையில் 1967 முதல் 1972 வரை நடைபெற்ற மாந்தவியல் கலைத்திட்டச் செயற்றிட்டத்தில், கருத்து வேறுபாடுள்ள சமூகப் பொருள்களை வகுப்பறையில் எவ்வாறு கலந்துரையாடுவது என்பதை ஆசிரியர்களே சோதித்துப் பார்த்தனர். 1975-இல் வெளிவந்த இவரது நூல் 'ஆசிரியரே ஆய்வாளர்' என்னும் கருத்தைப் பரப்பியது. ஆத்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெம்மிஸ், மெக்டாகர்ட் ஆகியோர் 1980-களில் திட்டமிடல், செயற்படல், உற்றுநோக்கல், மீள்சிந்தித்தல் என்னும் நான்கு படிகளாக இதனை எளிமைப்படுத்தினர். இன்று நம் ஆசிரியர் பயிற்சி நூல்களில் காணப்படும் வட்டப் படங்கள் பெரும்பாலும் இவர்களுடைய படத்தின் வழித்தோன்றல்களே.

இந்தியாவில் இப்பெயர் வருவதற்கு முன்பே இத்தகைய சிந்தனை இருந்தது. குசராத்தியக் கல்வியாளர் கிஜுபாய் பதேகா (1885–1939) 1930-களில் எழுதிய 'திவாஸ்வப்னா' என்னும் கதைநூலில், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டிற்குப் பெற்றுக்கொண்டு தாம் நம்பும் முறைகளைச் சோதித்துப் பார்க்கிறார். முதல் நாள் திட்டமே குழப்பத்தில் முடிகிறது. அதனை ஒப்புக்கொண்டு மறுநாள் வேறு வழியை நாடுகிறார். கற்பனைக் கதைதான் எனினும், செயலாய்வின் போக்கை இதைவிட எளிதாக விளக்கும் நூல்கள் குறைவு.

படிமுறைகள்

நூலுக்கு நூல் படிகளின் எண்ணிக்கை வேறுபட்டாலும் உள்ளடக்கம் ஒன்றே: சிக்கலை இனங்காணல், அதனைக் குறுக்கி வரையறுத்தல், காரணங்களை ஆராய்தல், செயல் கருதுகோள் அமைத்தல், செயற்படுத்தல், சான்று திரட்டல், மதிப்பிடல், அடுத்த சுற்றைத் திட்டமிடல்.

இவற்றுள் மிகவும் கடினமானது இரண்டாவது படியாகும். 'மாணவர்கள் சரியாகப் படிப்பதில்லை' என்பது ஒரு மனக்குறை. ஆய்வுச் சிக்கல் அன்று. எந்த வகுப்பில், எத்தனை பேர், எப்பாடத்தில், எதனைச் செய்ய இயலாதிருக்கின்றனர் என்று சொல்ல முடியும்போதுதான் அது ஆராயத்தக்கதாகிறது. அச்சிக்கலில் ஆசிரியர் தம் கையால் மாற்றக்கூடிய பகுதி ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

செயல் கருதுகோள் என்பது 'இன்னதைச் செய்தால் இன்னது மாறும்' என்னும் வடிவிலமைந்த கூற்று. ஒரு சுற்றில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்வது நலம். மென்பொருளில் பிழை தேடுவோர், இரண்டு வரிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பிழை நீங்கியது எனத் தெரியாமற் போகும் என்பதை அறிவர். வகுப்பறையிலும் இதுவே நிலை. ஆயினும் வகுப்பறை கணினியன்று. மழை விடுமுறை, தேர்தல் பணி, உள்ளூர்த் திருவிழா என ஆசிரியர் திட்டமிடாத மாற்றங்கள் பல நிகழும். அவற்றைத் தடுக்க இயலாது. குறித்து வைக்க இயலும்.

சான்றுகளுக்கென்று புதிய கருவிகள் தேவைப்படுவதில்லை. வருகைப் பதிவேடு, மாணவர் குறிப்பேடுகள், ஆசிரியரின் நாட்குறிப்பு, சிறு தேர்வுகள், மாணவருடனும் பெற்றோருடனும் உரையாடல், உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து எழுதும் குறிப்பு ஆகியவை போதுமானவை. ஒரே செய்தியைக் குறைந்தது மூன்று வழிகளில் சரிபார்ப்பது மும்முனைச் சரிபார்ப்பு எனப்படும். தம் வகுப்பைத் தாமே மதிப்பிடுபவர் தமக்குச் சாதகமாகவே பார்க்கும் இயல்புடையவர் என்பதால் இது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது நடந்த ஆய்வொன்றின் அறிக்கையன்று. படிமுறைகளை விளக்குவதற்காக அமைக்கப்பட்டது.

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், தம் மாணவர்கள் தமிழில் பிழையாக எழுதுகின்றனர் எனக் கருதுகிறார் எனக் கொள்வோம். முதலில் அவர் இரண்டு வாரக் குறிப்பேடுகளை எடுத்து, ஒவ்வொரு பிழையையும் வகைப்படுத்துகிறார். குறில் நெடில் பிழைகளும், ஒற்று விடுபடுதலும் உள்ளன. ஆயினும் பெரும்பாலானவை மயங்கொலிப் பிழைகள், அவற்றுள்ளும் ல, ள, ழ ஆகிய மூன்றுக்கிடையே நிகழ்பவை. 'பிழையாக எழுதுகின்றனர்' என்னும் பெரிய சிக்கல், 'ள, ழ இரண்டையும் மாற்றி எழுதுகின்றனர்' எனச் சுருங்குகிறது.

அடுத்து காரணம். மாணவர்கள் கவனக்குறைவாக எழுதுகின்றனர் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஒவ்வொருவரையும் தனியே படிக்கச் சொல்லிக் கேட்கும்போது, வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே பலரும் ஒலிக்கின்றனர், அவ்வாறே எழுதுகின்றனர். அவர்கள் கவனக்குறைவாக எழுதவில்லை. ஒலித்ததைக் கவனமாகவே எழுதுகின்றனர். தமிழகத்தின் பல வட்டாரங்களில் பேச்சுவழக்கில் ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ மாறி ஒலிப்பது அறிந்த ஒன்று.

பின்னர் ஆசிரியை தம் பாடவேளை ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து மாலையில் கேட்கிறார். சொல்வதெழுதுதலின்போது 'கிளி', 'கிழி' இரண்டையும் அவரே ஒன்று போல ஒலித்திருக்கிறார். இந்த இடத்தில்தான் செயலாய்வு ஏனைய ஆய்வுகளிலிருந்து வேறுபடுகிறது. வெளி ஆய்வாளர் இதனைக் கண்டறிந்து அறிக்கையில் எழுதியிருந்தால் அது குற்றச்சாட்டாகத் தோன்றியிருக்கும். தாமே கண்டறியும்போது அது ஒரு தகவல், மறுநாளே திருத்திக்கொள்ளத்தக்கது.

செயல் கருதுகோள் இவ்வாறு அமைகிறது: நாள்தோறும் பதினைந்து நிமிடங்கள், நான்கு வாரங்களுக்கு, ஒலி வேறுபாட்டைச் செவியால் உணரும் பயிற்சியளித்தால் ள, ழ மயக்கம் குறையும். வால், வாள், வாழ். ஒலி, ஒளி, ஒழி. அலை, அளை, அழை. தலை, தளை, தழை என்னும் சொற்றொகுதிகள் பயன்படுகின்றன. ஆசிரியை சொல்லும் சொல்லைக் கேட்டு மாணவர் அதற்குரிய படத்தைத் தொடுவர். எழுதும் பயிற்சி மூன்றாம் வாரத்திலேயே தொடங்குகிறது.

மதிப்பீட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பயிற்சியில் பயன்படுத்திய சொற்களையே தேர்விலும் கொடுத்தால் மனப்பாடமே அளவிடப்படும். எனவே பயிற்சியில் வராத சொற்களையும் கலந்து கொடுத்தல் வேண்டும். பயிற்சி முடிந்த மறுநாள் கிடைக்கும் முடிவைக் காட்டிலும் ஒரு மாதம் கழித்துக் கிடைக்கும் முடிவே நம்பத்தக்கது.

முடிவு எப்போதும் நேர்க்கோட்டில் வருவதில்லை. இவ்வெடுத்துக்காட்டில், 'பளம்' என்று எழுதியவர்கள் 'பழம்' என்று திருத்தமாக எழுதத் தொடங்குகின்றனர். அதே வேளையில், முன்பு சரியாக எழுதிய 'குளம்' என்பதை இப்போது 'குழம்' என எழுதுகின்றனர். இது மிகைத்திருத்தம் எனப்படும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பயிற்சி பயனற்றது போலத் தோன்றும். பிழைகளைப் படித்துப் பார்த்தால், மாணவர்கள் புதிய வேறுபாட்டை உணரத் தொடங்கி அதனை எல்லை மீறிப் பயன்படுத்துகின்றனர் என்பது விளங்கும். இரண்டாவது சுற்றில் ழகரத்தை மட்டும் வலியுறுத்துவதை விடுத்து, இரண்டெழுத்துகளையும் இணையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்னும் முடிவு இதிலிருந்தே கிடைக்கிறது.

ஒரு மாணவரிடம் எவ்வித மாற்றமும் இல்லை. அவரைப் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு மாற்றியபோது நிலை சற்று மேம்படுவதை நாட்குறிப்பு காட்டுகிறது. செவித்திறன் சோதனைக்கு அனுப்ப வேண்டியவர் அவர். பயிற்சியால் தீராத சிக்கலைப் பயிற்சிக்குரிய சிக்கலிலிருந்து பிரித்துக் காட்டுவதும் செயலாய்வின் பயன்களுள் ஒன்றாகும்.

நெய்வேலிச் சூழல்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் நிறுவப்பட்டது. 1957-இல் பிரதமர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் 2016-இல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என மாற்றப்பட்டது. ஊழியர்களுக்காக உருவாக்கப்பட்ட நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அகன்ற சாலைகளுடனும் மரங்களுடனும் அமைந்துள்ளது. நிறுவனத்தின் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயா, கிறித்தவ சபைகளின் பள்ளிகள், பிற தனியார் பள்ளிகள் ஆகியன இங்கு உள்ளன. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த ஊழியர்களின் குழந்தைகள் ஒரே வகுப்பில் பயில்வதும், வீட்டில் தமிழ் பேசாத மாணவர்கள் இருப்பதும் இப்பள்ளிகளின் இயல்பு.

நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் வட்டாரங்களைச் சேர்ந்த சிற்றூர்கள் தொடங்குகின்றன. நெல், கரும்பு, மணிலா, முந்திரி ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பலரும் இவ்வூர்களிலிருந்தே பணிக்குச் செல்கின்றனர். சுரங்க விரிவாக்கத்திற்காக நிலமும் வீடும் கையகப்படுத்தப்பட்டு வேறிடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் இங்குள்ளன. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெற்பயிருக்கிடையே வாய்க்கால் வெட்டப்பட்டதும், அதனைத் தொடர்ந்து எழுந்த போராட்டமும் மாநிலம் முழுவதும் பேசப்பட்டன.

சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இப்பள்ளிகளில் ஒரே பெயருடைய சிக்கலுக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். மேலே கண்ட மயங்கொலிப் பிழையையே எடுத்துக்கொள்ளலாம். சிற்றூர் மாணவருக்கு அது வட்டார வழக்கின் விளைவு. நகரியத்தில் இந்தியையோ தெலுங்கையோ தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு அது புதிய மொழியின் அறிமுகமில்லாத ஒலி. முன்னவர் சொல்லின் பொருளை நன்கறிவார். பின்னவர் அதனையும் சேர்த்துக் கற்க வேண்டும். ஒரே பயிற்சித்தாள் இருவருக்கும் பொருந்தாது.

வருகைக் குறைவும் அவ்வாறே. ஒரு பள்ளியின் பதிவேட்டில் மார்ச்சு மாதம் முதல் வருகை சரிகிறதெனில், முந்திரி பறிக்கும் காலத்துடன் அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வேறொரு பள்ளியில் திங்கட்கிழமை மட்டும் குறைகிறதெனில் காரணம் வேறு. பெற்றோரின் பணிமுறை நேரம், பேருந்து நேரம், இடம்பெயர்ந்த பின் கூடிய நடைத்தொலைவு என ஒவ்வொன்றையும் பதிவேட்டின் நாள்களோடு ஒப்பிட்டே அறிய முடியும். ஒரு வகுப்பில் கண்டறிந்த முடிவை எல்லா வகுப்புகளுக்கும் பொதுமைப்படுத்த இயலாது எனச் செயலாய்வின் மீது கூறப்படும் குறை உண்மையே. நெய்வேலி போன்ற இடத்தில் அது குறை என்பதைவிட எச்சரிக்கை எனலாம்: அடுத்த பள்ளியின் தீர்வைக் கடன் வாங்கலாம், ஆனால் காரணத்தைத் தானே தேட வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களை அமைக்க வழிவகுத்தது. 1989-இல் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றுக்கு மூன்று பணிகளை வகுத்தன: பயிற்சி, கல்விசார் வளத் துணை, மாவட்டத்திற்கே உரிய சிக்கல்களைத் தீர்ப்பதற்கான செயலாய்வும் சோதனை முயற்சியும். 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் வட்டார வளமையங்களும் குறுவள மையங்களும் பரவலாயின. அங்குப் பணியாற்றும் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கும் மாவட்ட நிறுவனத்திற்கும் இடையே பாலமாக அமைந்தனர். இவ்வியக்கம் 2018-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

ஆசிரியர்களின் வகுப்பறை அனுபவம் பாடநூலையே மாற்றியதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் சிறந்த சான்றாகும். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டத்தில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் வேலை செய்யவில்லை என விவாதித்தனர். அவர்களுடைய கருத்துகளைக் கொண்டு பாடநூல் திருத்தப்பட்டது. முப்பதாண்டுகள் நடைபெற்ற இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்தியது.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் திட்டமும் சிறிய அளவில் தொடங்கியதே. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை வழிக் கற்றலைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இது முயன்று பார்க்கப்பட்டது. ஆசிரியர்களே அட்டைகளை உருவாக்குவதிலும் திருத்துவதிலும் பங்கேற்றனர். 2007-ஆம் ஆண்டளவில் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டபோது, பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அட்டைகள் முடிந்த பொருளாகவே வந்து சேர்ந்தன. சோதித்துப் பார்த்தவரின் கையில் இருந்த முறைக்கும், ஆணையின்படி பெற்றவரின் கையில் இருந்த முறைக்கும் வேறுபாடு இருந்ததில் வியப்பில்லை.

குறைபாடுகளும் எல்லைகளும்

செயலாய்வு ஆசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாகவும், அலுவலகங்கள் கோரும் அறிக்கையாகவும் மாறும்போது அதன் உயிர்நாடி நலிவடைகிறது. தலைப்பு முதலிலேயே தரப்படுகிறது. சிக்கல் பின்னர் தேடப்படுகிறது. முன்தேர்வு, பயிற்சி, பின்தேர்வு, சராசரி வேறுபாடு, முன்னேற்றம் என ஒரே அச்சில் வார்த்த அறிக்கைகள் உருவாகின்றன. இவற்றில் தோல்வியுற்ற முயற்சியைக் காண்பது அரிது. முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் சில வாரப் பயிற்சிக்குப் பின் மதிப்பெண் கூடுவதற்குப் பயிற்சியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அதே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதுவதே அவற்றுள் ஒன்று. ஒப்பிடுவதற்கு மற்றொரு பிரிவு இல்லாத பள்ளியில், புள்ளியியற் சோதனையைச் சேர்ப்பதால் மட்டும் அறிக்கை வலுப்பெறுவதில்லை. எந்த மாணவர் எதனை எழுதினார் என்பதைக் காட்டும் நான்கு குறிப்பேட்டுப் பக்கங்கள் அதனைவிட மிகுந்த பயன் தரக்கூடும்.

அறம் சார்ந்த வினாக்களும் உண்டு. ஒப்பீட்டிற்காக வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் பயிற்சியளித்து மற்றவரை விட்டுவிடுதல் ஆசிரியருக்குத் தகாது. இரு பகுதியினருக்கும் வெவ்வேறு காலத்தில் பயிற்சியளிப்பது இதற்கு மாற்றாகும். மாணவர்களின் பெயர்களை அறிக்கையில் குறிப்பிடலாகாது. ஒரே ஆசிரியரும் ஒரே வகுப்பும் உள்ள சிற்றூரில் பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் காண்பது எளிது என்பதால், வீட்டுச் சூழலைப் பற்றி எழுதுவதில் கூடுதல் கவனம் தேவை.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஆசிரியரால் மாற்ற இயலாத காரணங்கள் உள்ளன. முற்பகலில் மாணவர்கள் சோர்ந்திருப்பதை ஆராயும் ஆசிரியர், அவர்கள் காலையில் உண்ணாமல் வருவதைக் கண்டறியலாம். அதனை அவரால் தீர்க்க இயலாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகத்தில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அத்தகைய தீர்வு அரசின் கையில்தான் உண்டு. நிலம் கையகப்படுத்தப்பட்டதால் ஊர் மாறிய குழந்தை பள்ளியை விட்டு நிற்பதற்கும் வகுப்பறைப் பயிற்சி மருந்தாகாது. கட்டமைப்புச் சார்ந்த சிக்கல்களை ஆசிரியரின் கற்பித்தல் குறையாகக் காட்டுவதற்குச் செயலாய்வு பயன்பட்டுவிடக் கூடாது எனத் திறனாய்வாளர்கள் எச்சரிக்கின்றனர். காரணம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது என்பதைப் பதிவேட்டுச் சான்றுடன் நிறுவுவதும் ஒரு முடிவே. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்வைக்க அது உதவும்.

ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குச் செல்லும்போது அவருடைய நாட்குறிப்பும் உடன் செல்கிறது. புதிதாக வருபவர் அதே வகுப்பில் அதே சிக்கலை முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது. இதனைத் தவிர்க்க, முயன்றவற்றையும் பயனளிக்காதவற்றையும் எழுதிய குறிப்பேடு ஒன்றைப் பள்ளியிலேயே வைத்துச் செல்வதும், குறுவள மையக் கூட்டங்களில் அதனைப் படித்துக் காட்டுவதும் எளிய வழிகளாகும்.